மாமனாரின் காசுப்பெட்டி ஏலம் போன விதம்

மேலகரம்,
தாது வருஷம் ஆனி மாதம் 12-ந் தேதி

கடல் கடந்து போயும் குலதெய்வத்தை மறவாத சிரஞ்சீவி மாப்பிள்ளை இசக்கிப்பாண்டிக்கு, உம்முடைய அத்தானும் பென்ஷன் ஹெட் கான்ஸ்டபிளுமாகிய சுந்தரபாண்டி ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. உம் அக்காள் சங்கரம்மாள் சுகம். உம் மருமகளும் என் மகளுமாகிய குருவம்மாள் சுகம். செவலைப் பசு சுகம். அதன் கன்றுக்கு முன்னங்காலில் பெரிய கட்டுப் போட்டிருக்கிறது. காலில் ஒன்றுமில்லை, குருவம்மாள் கட்டுப் போட்டுப் பழகுகிறாள். சாரல் குறைவில்லாமல் விழுகிறது. நான் சுகமா என்பதை மட்டும் இதை முழுதும் வாசித்துவிட்டு நீரே தீர்மானித்துக்கொள்ளும். வாசிக்கும்போது பக்கத்தில் நம் ஊர்க்காரர் யாராவது இருந்தால் எழுந்து தனியே போய்விடும். குடும்ப மானம் சம்பந்தப்பட்ட விஷயம்.

பங்குனி மாதம் நீர் எழுதிய கடிதத்தை நான் மறக்கவில்லை. உம் அப்பா செங்கோட்டைச் சுங்கச் சௌக்கையில் வேலை பார்த்தபோது, கைக்கு வந்த விசித்திரமான காசுகளுக்குப் பதில் தம் கைக்காசைப் போட்டுவிட்டு எடுத்துச் சேர்த்து, உமக்கும் உம் அக்காளுக்கும் சமம் என்று சொல்லிவிட்டுப் போன அந்தக் காசுப்பெட்டியில், 'என் பங்கும் குருவம்மாள் படிப்புக்கே ஆகட்டும், விற்றுக்கொள்ளுங்கள்' என்று எழுதியிருந்தீர். அதை வாசித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சென்னையில் பெண்கள் வைத்தியப் பள்ளியில் அவளுக்கு இடம் கிடைத்ததும், ஆனி முடிவதற்குள் பள்ளிச் சம்பளமும் விடுதிப் பணமும் கட்டிச் சேர வேண்டும் என்பதும் உமக்குத் தெரியும். அவள் ஏன் இந்தப் படிப்புத்தான் வேண்டும் என்று நிற்கிறாள் என்பதும் தெரியும். என் அக்காள் பார்வதியம்மாளின் மகளைப் பிரசவத்துக்குத் தென்காசிக்கு வண்டியில் கொண்டுபோன அன்று, பாதி வழியில் அந்தப் பெண் குருவம்மாளின் கையைப் பிடித்தபடிதான் கண்ணை மூடினாள். அதற்குப் பிறகு இவள் வேறு எதையும் யோசித்ததில்லை. என் பென்ஷன் வீட்டுச் செலவுக்கே இழுத்துப் பிடிக்கிறது. ஆகவே எல்லாம் அந்தப் பெட்டியை நம்பித்தான் இருந்தது.

சாரல் காலத்தில் மெட்ராஸ் ஏலக் கம்பெனி ஒன்று குற்றாலத்தில் பங்களா வாடகைக்கு எடுத்து, துரைமார் விட்டுப்போன கடிகாரம், நாற்காலி, பீங்கான் எல்லாம் ஏலம் போடுவதை நீர் பார்த்திருப்பீர். அருவியில் குளிக்க வருகிற ஜமீன்தார்களும் தோட்டத்துத் துரைகளும் தலை காய்வதற்குள் எதையாவது வாங்கிவிடுவார்கள் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கம்பெனி ஏஜெண்டு ரஹ்மத் சாயபு நம் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், கோட்டு, குடை, ஒற்றைக் கண்ணுக்கு ஒரு பூதக்கண்ணாடி. பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்தார். இது பாண்டியன் காலத்து மீன் போட்ட செம்புக்காசு, இது டச்சுக்காரன் காசு, இது வெனிசு தேசத்துப் பொன் என்று அவர் சொல்லச் சொல்ல, நான் வெற்றிலையை மடித்தவன் வாயில் போடவே மறந்துவிட்டேன். சரியான ஆட்கள் வந்தால் பெண்ணின் படிப்புக்குத் தாராளமாக ஆகும் என்றார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ஐயா, காசு எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். தேய்க்கவே கூடாது. அந்தப் பாசிக்குத்தான் விலை" என்றார்.

உம் அக்காளைப் பற்றி உமக்குச் சொல்ல வேண்டியதில்லை. பச்சைப் பாசி பிடித்த காசை நாலு பேர் பார்க்க அனுப்பினால் எங்கப்பாவைத்தானே ஊர் பேசும் என்று ஒரே பிடிவாதம். அன்று ராத்திரியே கொட்டைப் புளியை ஊறப்போட்டாள். நான் புளிப்பானையை எடுத்து என் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு, ஏலம் வரைக்கும் அதன் மேலேயே படுத்துக் காவல் காத்தேன். ஒரு வாரம் எங்கள் வீட்டில் குழம்பு புளிக்கவில்லை. இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தவன் எங்கே கோட்டை விட்டேன் என்று கேட்பீர். அதைத்தான் எழுதப் போகிறேன்.

சர்வீசில் இருந்தபோது எத்தனையோ கள்ளுக்கடை ஏலத்துக்குப் பந்தோபஸ்து நின்றிருக்கிறேன். அங்கே கேட்கிறவர்கள் எல்லோரும் முதல் நாளே கூடிப் பேசிக்கொண்டு, ஒருத்தன் வாய் திறக்க மற்றவன் வாய் மூட, அடிமட்ட விலைக்குத் தட்டிக்கொண்டு போவார்கள். நம் காசுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாதே என்று, கூட்டம் நிறைய இருந்தால் யாரும் துணிந்து கூட்டுச் சேரமாட்டான் என்ற போலீஸ் புத்தியில், என் பெரியப்பா மகன் சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சியிடம் போய், நம் ஆட்கள் கொஞ்சம் பேர் ஏலத்துக்கு வந்து சும்மா நின்றால் நல்லது, குருவம்மாள் படிப்பு விஷயம் என்று சொன்னேன். நிற்கத்தான் சொன்னேன் மாப்பிள்ளை. வாயைத் திறக்கச் சொல்லவில்லை.

ஏலத்தன்று காலையில் நம் தெருவே வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டது. பெட்டியை வில்வண்டியில் வைத்துக்கொண்டு நான் முன்னால் போக, பின்னால் அண்ணாச்சி, அவருக்குப் பின்னால் சித்தப்பா மகன் பரமசிவன், அவர்களுக்குப் பின்னால் பார்வதி அக்காள் தலைமையில் பெண்டுகள், என் சர்வீசில் எந்த ஊர்வலத்துக்கும் இப்படி அனுமதி கொடுத்ததில்லை. குற்றாலத்தில் எங்களைப் பார்த்தவர்கள் ஏதோ சாமி வருகிறது என்று வழி விட்டார்கள். இதில் நீர் கவனிக்க வேண்டியது, அண்ணாச்சியும் பரமசிவனும் பேசிக்கொள்வதில்லை. போன வருஷம் கோவில் கொடைத் திருவிழாவில் அம்மனுக்குச் சாத்திய பட்டை ஏலம் விட்டபோது அண்ணாச்சி கேட்ட தொகைக்கு மேல் பரமசிவன் ஒரு ரூபாய் வைத்துக் கொண்டுபோய்விட்டான். அன்று முதல் இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. அந்த இரண்டு பேரையும் ஒரே வண்டித்தடத்தில் ஏலத்துக்குக் கூட்டிப்போன என் புத்தியை என்னவென்று சொல்வது.

பங்களாவின் பின்பக்கம் தகரக் கொட்டகை. மழை தகரத்தில் அடிக்கிறது, அருவி அந்தப் பக்கம் இரைகிறது. ரஹ்மத் சாயபு மேஜை மேல் ஏறி நின்று நிபந்தனைகளை இங்கிலீஷிலும் தமிழிலும் வாசித்தார். ஏலம் முடிந்ததும் பணம் ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்பதும் அதில் இருந்ததாம். எங்கள் ஆட்கள் எல்லோரும் பயபக்தியோடு தலையை ஆட்டினார்கள். ஒரு எழுத்து யார் காதிலும் விழவில்லை. முன் வரிசையில் புளியரை மலைத்தோட்டத்துத் துரை ஒருத்தரும் திருவனந்தபுரத்து வக்கீல் ஒருத்தரும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் காசு வாங்கவே வந்தவர்கள். முதலில் மீன் போட்ட செம்புக்காசை எடுத்துக் காட்டி, இரண்டு ரூபாய் என்று ஆரம்பித்தார். துரை சுண்டு விரலைத் தூக்கினார். மூன்று என்றார் சாயபு. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம், இப்படியே மெல்ல மெல்ல ஏறும் என்று அவர் சொல்லியிருந்தார்.

அப்போது பின்னாலிருந்து அண்ணாச்சி எழுந்தார். மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். "நம்ம மாமா கையால சேத்த பொருளு மூணு ரூவாயா? எவன் மானத்துக்கு இது? போடுங்க இருவத்தஞ்சு" என்றார். சாயபு அசந்துபோய்ச் சுத்தியலைத் தூக்குவதற்குள் பரமசிவன் முப்பது என்றான். அண்ணாச்சி முப்பத்தைந்து. துரை திரும்பி இரண்டு பேரையும் பார்த்தார். என்னையும் பார்த்தார். நாங்கள் பெரிய மிராசு என்று நினைத்திருக்க வேண்டும். விஷயம் கைமீறுகிறதே என்று நான் எழுந்து, போதும் நிறுத்துங்கள் என்று இரண்டு கையையும் தூக்கினேன். சாயபு என் கையைப் பார்த்து நாற்பது என்று சொல்லிச் சுத்தியலைத் தட்டிவிட்டார். என் மாமனார் காசை நானே வாங்கிவிட்டேன். அதற்கு நூற்றுக்குப் பத்து வீதம் கம்பெனிக்குக் கமிஷன் நானே கட்ட வேண்டும். பெண்டுகள் குலவை போட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கோவையாக எழுத என்னால் முடியவில்லை. ஒவ்வொரு காசுக்கும் அண்ணாச்சி ஒன்று சொன்னால் பரமசிவன் ஒன்று சொல்ல, அவன் சொன்னதற்கு மேல் பக்கத்து வீட்டு மாடன் சொல்ல, பெட்டி காலியாகும் வரை ஒரே கோஷம். துரை விரலைத் தூக்கிப் பார்த்தார், கையைத் தூக்கிப் பார்த்தார், கடைசியில் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். வக்கீல் என் பக்கத்தில் வந்து, இது எந்து ஏலம் என்று மலையாளத்தில் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனார். கேட்டு எடுத்தவர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையில் வந்து நின்று, சாயபு கையால் காசைத் தட்டில் வைத்துப் பூவோடு கொடுத்தால்தான் வாங்குவோம் என்றார்கள். பாவம், அந்த மனிதர் பங்களாத் தோட்டத்தில் பறித்த செம்பருத்தியை வைத்துக் கொடுத்தார். வெனிசுப் பொன் வந்தபோது பார்வதி அக்காள் பெண்டுகள் நடுவிலிருந்து எழுந்து, இரண்டு எருமை விலையை ஒரே மூச்சில் சொன்னாள். அதற்கு மேல் கேட்க அண்ணாச்சிக்கும் தைரியம் இல்லை. எனக்கு அந்த நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. மொத்தம் ஏறிய தொகையைச் சாயபு சொன்னபோது குருவம்மாள் ஒரு படிப்பு அல்ல, இரண்டு படிப்புப் படிக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

அடுத்த நிமிஷம் சாயபு, பணத்தைக் கட்டிவிட்டுப் பொருளை எடுத்துக்கொள்ளலாம் என்றார். கூட்டம் அவரை ஏதோ வேறு பாஷை பேசுகிறவர் போலப் பார்த்தது. அண்ணாச்சிதான் பொறுமையாக எடுத்துச் சொன்னார். "இதென்னய்யா புது வழக்கமா இருக்கு. அம்மன் ஏலத்துக்கே அடுத்த கொடை வரைக்கும் தவணை உண்டு. ஒம்ம கம்பெனி அம்மன விடப் பெருசா?"

சாயபு மேஜையை விட்டு இறங்கி, படியில் உட்கார்ந்து, கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரை அரெஸ்ட் செய்து உட்கார வைத்திருக்கிற மாதிரி இருந்ததாம், பிறகு உம் அக்காள் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. உங்கள் ஆட்கள் உண்மையான ஆட்கள்தான், ஆனால் கம்பெனிக்குக் கொடை இல்லையே ஐயா என்றார். வருகிற பௌர்ணமி வரை குற்றாலத்தில் இருப்பாராம். அதற்குள் பணம் வந்தால் சரி. வராவிட்டால் பெட்டியை மெட்ராசுக்கு எடுத்துப்போய் ஐப்பசி ஏலத்தில் மறுபடி போடுவார்களாம். காசெல்லாம் இப்போது அரக்கு வைத்து அவர் பொறுப்பில் இருக்கிறது. ஐப்பசியில் பணம் வந்து யாருக்கு என்ன பிரயோஜனம்? ஆனிக்குள் சேராவிட்டால் இடம் வேறு பெண்ணுக்குப் போய்விடும்.

வீட்டுக்கு வந்து தெரு நடுவில் நின்று நான் ஏசிய ஏச்சு, இலஞ்சி வரை கேட்டிருக்கும். அம்மன் பட்டும் பாண்டியன் காசும் உங்களுக்கு ஒன்றா, ஆனிக்குள் பணம் கட்டாவிட்டால் அந்தப் பெண்ணின் இடம் போய்விடும் என்று தெரியாதா, உங்கள் வீட்டில் நாளைக்கு ஒரு பிரசவம் என்றால் கொடை வரை தவணை கேட்பீர்களா என்றெல்லாம் தொண்டை கட்டும்வரை கத்தினேன். ஒவ்வொருவராகக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அண்ணாச்சியிடம் இருப்பது வாழைத்தோட்டம், அதுவும் குலை தள்ளவில்லை. பரமசிவனிடம் இருப்பது வீம்பு. அக்காளிடம் இருப்பது அந்த இரண்டு எருமை, அவள் சாப்பாடே அதுதான். இவர்களிடம் நான் எதை ஜப்தி செய்வது?

இத்தனைக்கும் குருவம்மாளுக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. தெருவில் நான் கத்தியபோது அவள் தென்காசியில் டீச்சரம்மாள் ரெபேக்காள் வீட்டில் இருந்தாள். ஏலம் நல்ல விலைக்குப் போனது என்று மட்டும் அவள் காதில் விழுந்திருக்கிறது. வந்ததிலிருந்து டிரங்குப் பெட்டியில் துணி அடுக்குகிறாள். அடுக்கியதை எடுத்து மறுபடி அடுக்குகிறாள். நேற்று என் கட்டை விரலுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, அப்பா, சென்னைக்கு நீங்களும் வருவீர்கள்தானே, முதல் நாள் மட்டும் வாசல் வரை வந்தால் போதும் என்றாள். எத்தனையோ பேருக்கு விலங்கு மாட்டியவன் நான். இவள் முகத்தைப் பார்த்து இந்த வருஷம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தெம்பு இல்லை மாப்பிள்ளை.

ஆகையால் உம்மை ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பணம் கேட்கவில்லை, உம் நிலைமை எனக்குத் தெரியும். நீர் தாய்மாமன். நீர் சொன்னால் அவள் கேட்பாள். இந்த வருஷம் பொறுத்துக்கொள், அடுத்த வருஷம் மாமா பார்த்துக்கொள்கிறேன் என்று அவளுக்கு நீரே நல்ல விதமாக ஒரு கடிதம் எழுதிவிடும். ஒரு வருஷம் என்பது பெரிய விஷயமில்லை, அடுத்த சாரலுக்குள் வேறு வழி பிறக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு வருகிறேன், பாதி நம்பியும் விட்டேன். என் பேரை மட்டும் அந்தக் கடிதத்தில் சேர்க்க வேண்டாம்.

நீர் நீடூழி வாழவும், மேலதிகாரி உம்மிடம் சிரித்த முகமாக இருக்கவும், கொழும்புக் கடல் காற்று உம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவும் குலதெய்வத்தை வேண்டிக்கொள்கிற,

உம் அன்புள்ள அத்தான்,
சுந்தரபாண்டி

பின்குறிப்பு (16-ந் தேதி): தபாலாபீசில் ஸ்டாம்பு தீர்ந்துபோய் இந்தக் கடிதம் என் சட்டைப்பையிலேயே நாலு நாள் இருந்தது. நல்லவேளை. குருவம்மாளுக்கு ஒன்றும் எழுத வேண்டாம். மேலே எழுதியது எதையும் நம்பவும் வேண்டாம்.

நேற்று விடியற்காலையில் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் பார்வதி அக்காள், கையில் ஒரு துணி முடிப்பு. ஒரு எருமையைச் செங்கோட்டைச் சந்தையில் விற்றுவிட்டு, இன்னொன்றின் பேரில் கடன் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். இவ்வளவு எதற்கு அக்கா, நீ சாப்பிடுவது எப்படி என்று கேட்டேன். "ஏலே தம்பி, நாங்க என்ன காசுக்கால ஏலம் கேட்டோம்? நம்ம புள்ளைக்குத்தாம்ல கேட்டோம். கொடை வரைக்கும் தாங்காதுன்னு மொதல்லயே சொல்லப்பிடாதா?" என்று என்னைத்தான் ஏசினாள். அவளுக்குப் பின்னால் அண்ணாச்சி, குலை தள்ளாத வாழையைத் தோட்டத்தோடு வியாபாரிக்குப் பேசி அட்வான்சு வாங்கி வந்திருந்தார். எல்லோரும் வந்த பிறகு கடைசியில் பரமசிவன் வந்தான். ஏலத்தில் சொன்ன தொகைக்கு மேல் ஒரு ரூபாய் தட்டில் வைத்தான். அண்ணாச்சி நகர்ந்து இடம் விட்டு, உட்காருலே, காப்பி குடிச்சிட்டுப் போ என்றார். நான் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

ரஹ்மத் சாயபு கமிஷனில் பாதிதான் எடுத்துக்கொண்டார். பெட்டியைத் திறந்து அவரவர் காசை அவரவரிடம் கொடுத்தார். எங்கள் ஆட்கள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அம்மன் ஏலத்தில் எடுத்த எலுமிச்சம்பழத்தைக் கல்யாணப் பெண் மடியில் போடுகிற மாதிரி, குருவம்மாள் மடியில் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார்கள். ஆக, காசெல்லாம் விற்றும் போனது, விற்காமல் வீட்டிலும் இருக்கிறது. உம் பங்கு பத்திரம். உம் அக்காள் புளியை ஊறப்போட்டிருக்கிறாள், இந்த முறை நான் தடுக்கவில்லை. நாளன்றைக்குச் செங்கோட்டை ரயிலில் நானும் குருவம்மாளும் சென்னைக்குப் புறப்படுகிறோம்.

இன்னொரு விஷயம். படிப்பு முடிய நாலு வருஷம் ஆகும் என்று ரெபேக்காள் டீச்சர் வாயை விட்டுவிட்டார். அப்படியானால் வருஷா வருஷம் சாரலில் இதே காசை ஏலம் விடுவது என்று தெருக்கூட்டத்தில் முடிவாகிவிட்டது. சாயபும் வருவதாக ஒப்புக்கொண்டார், செம்பருத்திக்குப் பதில் ரோஜாமாலை கொண்டுவருகிறாராம். ஆனால் தாய்மாமன் வந்து முதல் தொகையைச் சொல்லாமல் ஏலம் தொடங்கக் கூடாது என்று பார்வதி அக்காள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஆகவே அடுத்த ஆனிக்கு இப்போதே லீவு எழுதிப் போட்டுவிடும். என்ன தொகை சொல்வீர் என்று பரமசிவன் அதற்குள் மூன்று தரம் வந்து கேட்டுவிட்டுப் போய்விட்டான்.